பிளம்ஸ் மரத்தில் பிறந்து நாணலுக்குக் குடிபோகும் அசுவினி

தென் இங்கிலாந்தில் குடியிருக்கும் ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால் அவர் ஒரு பிளம்ஸ் மரமும் ஒரு பீச் மரமும் வைத்திருக்கிறார். ஜூன் மாதத்தில் பிளம்ஸ் இலைகளின் அடிப்புறம் முழுக்க வெள்ளை மாவு பூசியது போலப் பூச்சிகள். கீழே நிறுத்திய கார் கண்ணாடி பிசுபிசுத்துப் போயிற்று. ஜூலை முடிவதற்குள் பூச்சிகளில் முக்கால்வாசி காணோம். ஆகஸ்டில் பக்கத்து ஏரிக்கரையில் நடந்தபோது நாணல் இலைகளில் அதே மாவுப் பூச்சிகள் இருப்பதைப் பார்த்திருக்கிறார். "இரண்டும் ஒன்றுதானா? அப்படியென்றால் நாணலை வெட்டச் சொல்லி நகராட்சியில் மனு கொடுக்கலாமா? பீச் மரத்துக்கும் இது பரவுமா?" என்று கேட்கிறார்.

இரண்டும் ஒன்றுதான். பீச் மரத்தைப் பற்றி இந்தப் பூச்சியை வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த மனுவை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாணல் இலையில் நீங்கள் பார்த்தது பலருடைய சாப்பாடு.

முதலில் பூச்சியை உறுதி செய்துகொள்வோம். அசுவினி என்பது செடிச் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி, ஆங்கிலத்தில் ஏஃபிட். பிளம்ஸ் மரத்தில் வரும் அசுவினிகளில் மூன்று முக்கியமானவை. இலை பந்து மாதிரி சுருண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் அது பிராக்கிகாடஸ் ஹெலிக்ரைசி. கோடையில் அது சாமந்திக் குடும்பச் செடிகளுக்குப் போய்விடும். இலை பெரிதாகச் சுருளாமல், பளபளப்பான பச்சைப் பூச்சிகள் மாவு இல்லாமல் இருந்தால் ஃபோரோடான் ஹ்யூமுலி ஆக இருக்கலாம். அதன் கோடை வீடு, பீர் மதுவில் போடும் ஹாப் கொடி. இலை தட்டையாகவே இருந்து, அடிப்புறத்தில் வெள்ளை மாவோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் அதுதான் நம் ஆள், ஹயலோப்டெரஸ் புரூனி. ஒரே மரத்தில் மூன்று பூச்சி, மூன்றுக்கும் மூன்று கோடை வீடு. எது இருக்கிறது என்று தெரியாமல் மருந்து அடிப்பதில் அர்த்தமில்லை.

பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ் ஒன்று இருந்தால் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கான உடம்பு, இரண்டு மில்லிமீட்டர் அளவு, வெளிர் பச்சை, அதன்மேல் கொஞ்சம் அடர்ந்த பச்சையில் திட்டுத் திட்டாக. மாவு என்று நாம் சொல்வது மெழுகுத்தூள். விரல் நுனியால் லேசாகத் தொட்டால் தூள் போய்ப் பச்சை உடம்பு தெரியும். பல அசுவினிகளுக்கு உடம்பின் பின்பக்கம் இரண்டு குழாய்கள் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அவை மிகக் குட்டை, நுனி கறுத்திருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். சுற்றிலும் வெள்ளைச் சருகு போலக் கிடப்பவை உரித்துப்போட்ட தோல்கள். நம் ஊரில் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வரும் மாவுப்பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் சாறு உறிஞ்சும், இரண்டுக்கும் வெள்ளைத் தூள் உண்டு, ஆனால் அவை வேறு வேறு குடும்பங்கள்.

அந்த மெழுகுக்கு ஒரு வேலை இருக்கிறது. அசுவினி குடிப்பது இலை நரம்பில் ஓடும் சர்க்கரைச் சாறு. அதில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலம் மிகக் குறைவு. தேவையான அமினோ அமிலம் கிடைக்கும் வரை குடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, மிச்சச் சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியே விட வேண்டியிருக்கிறது. உங்கள் கார் கண்ணாடியில் விழுந்தது அதுதான். நூற்றுக்கணக்கில் நெருங்கி வாழும் கூட்டம் தன் கழிவிலேயே ஒட்டிக்கொண்டு சாகாமல் இருக்க மெழுகு உதவுகிறது. தண்ணீர் அடித்தால் ஒட்டாமல் உருண்டு ஓடுவதற்கும் அதுவே காரணம். இலையில் தேங்கும் தேன் கழிவின்மேல் கரும்பூசணம் படரும். இலை கறுத்தால் வெயில் உள்ளே போவது குறையும், பழத்தின்மேல் படிந்தால் விற்க முடியாது.

இப்போது அதன் ஒரு வருடத்தைப் பார்ப்போம். குளிர்காலத்தில் பிளம்ஸ் மரத்தில் உயிரோடு ஒரு அசுவினிகூட இருக்காது. மொட்டுகளின் இடுக்கில் முட்டைகள் மட்டும் இருக்கும். வசந்தத்தில் மொட்டு வெடிக்கும் சமயத்தில் அவை பொரிக்கும். பொரித்து வருபவை எல்லாம் பெண்கள். ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்துக்கே தாய், ஆணோடு சேராமல் நேராகக் குட்டி போடும். அசுவினி இப்படிச் செய்யும் என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த இளைஞர் சார்ல் பொன்னே 1740-இல் நிரூபித்தார். பிறந்த உடனே ஒரு பூச்சியைத் தனியாக அடைத்து வைத்து, நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து கவனித்து, அது 95 குட்டி போட்டதைக் குறித்து வைத்தார். அவர் பார்த்தது வேறு இனம், ஆனால் வழி இதேதான். பிறக்கப் போகும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கரு வளர ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஏப்ரலில் நீங்கள் கவனிக்காத சில பூச்சிகள் ஜூனில் மரம் முழுக்க ஆகிவிடுகின்றன.

மே கடைசி, ஜூன் வாக்கில் கூட்டத்தில் இறக்கை முளைத்தவை பிறக்கத் தொடங்கும். பச்சை வயிற்றில் வெள்ளை மெழுகுத் திட்டுகளோடு இருக்கும் இவை பிளம்ஸில் தங்காது. காற்றோடு கிளம்பி நாணலைத் தேடும். அசுவினிக்குச் சொந்த பலத்தில் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. காற்று கொண்டுபோகும் இடத்தில் இறங்கி, இலையில் ஊசிவாயை லேசாகக் குத்திச் சுவை பார்த்து, பிடிக்காவிட்டால் மறுபடி கிளம்பும். இந்தப் பயணத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பித்து நாணலில் இறங்கிய ஒவ்வொன்றும் அங்கே புதுக் கூட்டம் போடும். பிளம்ஸில் இலைக்கு அடியில் இருந்த பூச்சி, நாணலில் பெரும்பாலும் இலையின் மேல்புறத்தில் உட்காருகிறது. எல்லாமே ஒரே சமயத்தில் கிளம்பிவிடுவதில்லை. கோடை முழுக்க ஒரு பகுதி பிளம்ஸிலேயே தங்கிவிடும். உங்கள் மரத்தில் முக்கால்வாசி போய்க் கால்வாசி மிஞ்சியதற்கு அதுதான் காரணம்.

செப்டம்பர், அக்டோபரில் பகல் குறைந்து குளிர் தட்டும்போது நாணல் கூட்டத்தில் இரண்டு வகை இறக்கைப் பூச்சிகள் பிறக்கும். ஒன்று பெண்; அது பிளம்ஸ் மரத்துக்குப் பறந்து வந்து, இலைக்கு அடியில் இறக்கை இல்லாத பெண் குஞ்சுகளைப் போடும். இந்தக் குஞ்சுகள்தான் வருடத்திலேயே முட்டையிடக்கூடிய ஒரே தலைமுறை. இன்னொன்று ஆண், அது நாணலிலேயே பிறந்து தனியாகப் பறந்து வரும். இருவரும் சந்திப்பது பிளம்ஸ் மரத்தில். சேர்ந்து, மொட்டு இடுக்கில் முட்டை வைத்துவிட்டு எல்லாம் செத்துப்போகும். ஒரு வருடத்தில் இத்தனை தலைமுறை வந்தாலும் ஆண் என்று ஒன்று தலைகாட்டுவது இந்தச் சில வாரங்களில் மட்டுமே.

இந்த விசித்திரத்தால் அந்தக் காலத்தில் பெயர் வைத்தவர்களும் குழம்பியிருக்கிறார்கள். பாரிஸ் மருத்துவர் எத்தியேன் லூயி ஜெஃப்ராய் 1762-இல் பிளம்ஸ் மரத்துப் பூச்சிக்குப் பெயர் வைத்தார். 1775-இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் நாணலில் இருந்ததைப் பார்த்து அருண்டினிஸ் என்று இன்னொரு பெயர் கொடுத்தார். ஒரே பூச்சியின் வசந்த உருவமும் கோடை உருவமும் இரண்டு இனங்களாக எழுதப்பட்டுவிட்டன. பிற்பாடு அவற்றை ஒன்றாக்கினார்கள்.

சரி, எதற்காக இந்த அலைச்சல்? பெரும்பாலான அசுவினி இனங்கள் ஒரே வகைச் செடியில் வாழ்ந்து முடித்துவிடுகின்றன. சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இப்படி வீடு மாறுகின்றன. வழக்கமான விளக்கம் சாப்பாட்டைப் பற்றியது. வசந்தத்தில் மரத்தின் துளிர் வளரும்போது சாற்றில் அமினோ அமிலம் அதிகம். கோடை நடுவில் இலை முற்றி வளர்ச்சி நின்றதும் சாறு வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிடும். அதே நேரத்தில் தண்ணீர்க் கரையில் நாணல் மளமளவென்று உயர்ந்துகொண்டிருக்கும். இலையுதிர் காலத்தில் மரம் இலையைப் பழுக்கவிட்டு, இலையில் இருந்த சத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும்போது சாறு மறுபடி வளமாகும். அப்போது திரும்பி வர வேண்டும். இதற்கு நான்ஸி மோரன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-இல் வேறு ஒரு விளக்கம் வைத்தார். முட்டையிலிருந்து வரும் முதல் தாய்ப்பூச்சி பழைய மரத்துக்கென்றே மிகவும் ஒத்துப்போய்விட்டது, அதனால் வேறு செடியில் பிறக்க முடியவில்லை. பிற்கால வாழ்க்கை எவ்வளவு நாணலுக்குப் போனாலும் பிறப்புக்கு மட்டும் மரத்துக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது என்றார். நான் இரண்டையும் படித்தவரைக்கும் ஒன்று மற்றதை அடித்துவிடுகிறது என்று நினைக்கவில்லை. சாப்பாட்டுக் கதை ஏன் கிளம்புகிறது என்பதை நன்றாக விளக்குகிறது. மோரனின் கதை ஏன் திரும்புகிறது என்பதை.

அடுத்து உங்கள் பீச் மரம். இங்கேதான் இந்தக் குழுவின் மிக அழகான விஷயம் இருக்கிறது. நீண்ட காலமாகப் பிளம்ஸ், பாதாம், பீச், ஏப்ரிகாட் எல்லாவற்றிலும் வரும் மாவு அசுவினியை ஒரே இனம் என்றும், இல்லை பிளம்ஸுக்கு ஒன்று, பாதாமுக்கும் பீச்சுக்கும் ஒன்று என்றும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். 1997-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நொதிகளின் மரபு வேறுபாட்டை வைத்துப் பார்த்தபோது இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று தெரிந்தது. பிறகு அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் டிஎன்ஏவை ஒப்பிட்டு, மூன்று தெளிவான கிளைகள் இருப்பதைக் காட்டினார்கள்: பிளம்ஸ் மரத்துக்குப் புரூனி, பாதாமுக்கு அமிக்டாலி, பீச்சுக்கு மூன்றாவது ஒன்று. அந்த மூன்றாவதை 2008-இல் ஹயலோப்டெரஸ் பெர்சிகோனஸ் என்று தனி இனமாக விவரித்தார்கள். ஏப்ரிகாட் மட்டும் பொது இடம். அதில் மூன்றும் வருகின்றன.

இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. கோடையில் இந்த மூன்று இனங்களுமே நாணலுக்குத்தான் போகின்றன. மூன்றும் அருகருகே வாழும் மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒரே படுகையில், ஒரே இலையில்கூடப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். எந்த வேலியும் கிடையாது. ஆனாலும் இலையுதிர் காலத்தில் ஒவ்வொன்றும் தன் மரத்துக்கே திரும்புகிறது. ஆணும் பெண்ணும் சேர்வது நாணலில் அல்ல, மரத்தில். பாதாமில் இறங்கிய ஆணுக்குப் பாதாமில் இறங்கிய பெண்ணின் மகள்தான் கிடைப்பாள். சேரும் இடத்தை மரம் தீர்மானிப்பதால் இரத்தம் கலக்காமல் போய், காலப்போக்கில் மூன்று இனமாகிவிட்டன. மலையோ கடலோ குறுக்கே இல்லாமல் இனங்கள் பிரிந்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

உங்களுக்கு இதனால் கிடைக்கும் பதில் எளிது. பிளம்ஸில் இருப்பது பீச்சில் சரியாகக் குடியேறாது. பீச் இலையில் அசுவினி வந்தால் அது வேறு பூச்சி என்று எடுத்துக்கொண்டு தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் மைசஸ் பெர்சிகே என்ற பச்சை அசுவினியாகத்தான் இருக்கும்.

உறவுக்காரர்களையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் ஊருக்கு நேரடித் தொடர்பு உண்டு. மாவு அசுவினிக் குழு இந்தியாவில் காஷ்மீர், இமாசலப் பிரதேசப் பழத்தோட்டங்களில் இருக்கிறது. அதற்கு மிக நெருங்கிய சொந்தங்கள் தமிழ்நாட்டு வயலிலேயே இருக்கின்றன. மக்காச்சோளக் குருத்துக்குள் நீலப்பச்சையாக அடைந்திருக்கும் ரோபலோசைஃபம் மெய்டிஸ், சோளத்திலும் கரும்பிலும் இலைக்கு அடியில் மஞ்சளாகப் படரும் மெலனாஃபிஸ் சக்கரி, தாமரை இலையிலும் அல்லி இலையிலும் கறுப்பாக ஒட்டியிருக்கும் ரோபலோசைஃபம் நிம்ஃபேயே, எல்லாம் ஒரே துணைக்குழு. தாமரை அசுவினியும் குளிர் நாடுகளில் பிளம்ஸ் வகை மரத்தில் முட்டை வைத்துவிட்டுக் கோடையில் நீர்த்தாவரத்துக்கு இறங்குகிறது. மக்காச்சோள அசுவினி நம் ஊரில் வருடம் முழுக்கப் பெண்களாகவே பெருகுகிறது, ஆணுமில்லை முட்டையுமில்லை. அதன் முட்டையிடும் தலைமுறை பாகிஸ்தான் மலைகளில் காட்டுச் செர்ரி வகை மரத்தில் இருப்பதை 1991-இல்தான் வெளியிட்டார்கள். மரம் ஒரு வீடு, புல் ஒரு வீடு என்கிற பழைய ஏற்பாடு இந்த வம்சம் முழுக்க ஓடுகிறது. நாணலும் புல்தான், கரும்பும் புல்தான், சோளமும் புல்தான். சமவெளிக்கு வந்தவை மரத்து வீட்டை விட்டுவிட்டன.

கரும்பு அசுவினி என்று சொன்னேனே, அதிலும் இதே குழப்பம் நடந்தது. 2013-இல் டெக்சாஸ், லூசியானா பகுதிகளில் சோளத்தில் திடீரென்று அது பெருகி அமெரிக்க விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம் தந்தது. கரும்பில் பல வருடமாக அங்கே இருந்த பூச்சி எப்படிச் சோளத்துக்குத் தாவியது என்று தேடினார்கள். சோளத்துக்கு வந்தது தனி இனம், மெலனாஃபிஸ் சோர்கை, என்று 2021-இல் ஒரு ஆய்வுக் குழு வாதிட்டது.

இனி நாணல். நீங்கள் மனு கொடுக்கக் கூடாது என்று சொன்னதற்கு முக்கியக் காரணத்தைச் சொல்கிறேன்.

செட்ஜ் வார்ப்ளர் என்று ஒரு சின்னக் கதிர்க்குருவி உங்கள் ஊர்ச் சதுப்புகளில் கூடு கட்டும். சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. ஆகஸ்டில் அது ஆப்பிரிக்காவுக்குக் கிளம்ப வேண்டும், சகாராவையும் தாண்டி அதன் தென்பக்கத்துக்கு. கிளம்புவதற்கு முன் கொழுப்பு சேர்க்கிறது. நல்ல இடம் கிடைத்தால் இருபது கிராமைத் தாண்டும், அதாவது உடம்பின் எடையையே இரண்டு மடங்காக்கிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 1970களில் பிரிட்டனிலும் பிரான்சிலும் போர்ச்சுகலிலும் தேடிய பறவை ஆய்வாளர்கள் காலின் பிபியும் ரிஸ் கிரீனும் கண்டது நம் அசுவினியைத்தான். நாணல் இலைமேல் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பூச்சி. சர்க்கரை நிறைந்த உடம்பு, ஓடாது, பறக்காது, கடிக்காது. குருவி ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே இலையில் பொறுக்கித் தின்னலாம். ஒரு பூச்சி தம்மாத்துண்டுதான், ஆனால் தேடி அலையும் செலவே இல்லை.

அதே நாணலில் ரீட் வார்ப்ளர் என்று அதன் உறவுக் குருவியும் இருக்கிறது. அதன் போக்கு வேறு. அது கிடைத்த பூச்சியைத் தின்று, அங்கங்கே தங்கித் தங்கி, ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக நிதானமாகத் தெற்கே இறங்குகிறது. செட்ஜ் வார்ப்ளரோ அசுவினி நிறைய இருக்கும் படுகையாகப் பார்த்து, தென் இங்கிலாந்திலோ மேற்கு பிரான்சிலோ தங்கிக் கொழுத்து, அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போய்விடுகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. போர்ச்சுகலில் அது ஏன் தங்குவதில்லை? அங்கே வெயில் சீக்கிரம் வருவதால் நாணலில் அசுவினி பெருகுவதும் சீக்கிரம், காலியாவதும் சீக்கிரம். குருவி வந்து சேரும் நேரத்தில் பந்தி முடிந்துபோயிருக்கும்.

வருடத்துக்கு வருடம் நாணலில் அசுவினி எண்ணிக்கை ரொம்பவே மாறும். ஒரு சதுப்பில் குறைவாக இருந்தால் குருவி அங்கே நிற்காமல் அடுத்த சதுப்பைத் தேடிப் போகும். ஆகவே ஒரு நாணல் படுகையை எடுத்துவிட்டாலும் இன்னொன்று இருக்கிறதே என்று சொல்ல முடியாது. எந்த வருடம் எந்தப் படுகை கைகொடுக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பல படுகைகள் இருந்தால்தான் ஒன்றாவது தேறும். பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று குளிர்காலத்தில் தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கு வரும் குருவியைப் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டும் அதே இனக்குழுவைச் சேர்ந்தவைதான். கொஞ்சம் பாசம் வைக்க அதுவும் ஒரு காரணம்.

பறவையை விட்டுவிட்டு வெறும் தோட்டக்காரக் கணக்குப் போட்டாலும் நாணலை வெட்டுவதில் லாபமில்லை. இறக்கைப் பூச்சி காற்றில் எவ்வளவு தூரமும் வரும். ஒரு ஏரிக்கரையை மொட்டையடித்தால் அடுத்த ஏரியிலிருந்து வரும், சாலையோரப் பள்ளத்து நாணலிலிருந்து வரும். நாணல் வேர்க்கிழங்கிலிருந்து அடுத்த வருடமே முளைத்தும் விடும், அதுவும் இன்னும் இளசாக. அதோடு, பொறிவண்டு, சிர்ஃபிட் ஈ, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் கோடையில் நாணல் கூட்டத்தைத் தின்றுதான் பெருகுகின்றன. அவற்றையும் சேர்த்து அழித்ததாகும்.

நாணலுக்கு இந்தப் பூச்சியால் பாதகம் உண்டா என்றால், ஐரோப்பாவில் பெரிதாக இல்லை. வட அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பழைய உள்நாட்டு நாணலும் இருக்கிறது, ஐரோப்பாவிலிருந்து வந்து சதுப்புகளை ஆக்கிரமிக்கும் நாணலும் இருக்கிறது. அசுவினியும் ஐரோப்பாவிலிருந்து போனதுதான். ரோட் ஐலண்டில் இரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உள்நாட்டு நாணலில்தான் அசுவினி அதிகம் பெருகி அதிகச் சேதம் செய்தது தெரிந்தது. ஐரோப்பிய நாணல் தன் ஊர்ப் பூச்சியைத் தாங்கப் பழகியிருக்கிறது, உள்நாட்டு நாணல் பழகவில்லை.

கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில் உலர் பிளம்ஸ் பயிரிடுகிறவர்களுக்கு இது வீட்டுத் தோட்டத் தொல்லை இல்லை, பிழைப்புப் பிரச்சினை. மரம் சோர்ந்து, பழத்தில் சர்க்கரை குறைகிறது, கரும்பூசணம் படிகிறது. அங்கே பர்க்லி பல்கலைக்கழகத்தின் நிக் மில்ஸ் குழு மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து அஃபிடியஸ் டிரான்ஸ்காஸ்பிகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டது. இந்தக் குளவி அசுவினியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளே புழு தின்று முடித்ததும் அசுவினி உப்பி, பழுப்பு நிறக் கூடாகக் காய்ந்து இலையில் ஒட்டியிருக்கும். குளவி வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும். உங்கள் மரத்து இலையிலும் அப்படி உப்பிய பழுப்புக் கூடுகள் இருக்கிறதா என்று பாருங்கள், அதே குளவியாக இல்லாவிட்டாலும் உள்ளூர்க் குளவிகள் இதே வேலையைச் செய்யும். அவை நிறையத் தெரிந்தால் மருந்து அடிக்கவே வேண்டாம்.

நோய் பரப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷார்கா என்கிற பிளம்ஸ் அம்மை வைரஸைப் பரப்பும் அசுவினிகளில் இதுவும் ஒன்று. முதல் உலகப்போர்க் காலத்தில் பல்கேரியாவில் முதலில் கவனிக்கப்பட்ட அந்த நோய், பிளம்ஸ், பீச், ஏப்ரிகாட் மூன்றையும் கெடுக்கும். வைரஸ் ஊசிவாயின் நுனியில் ஒட்டிக்கொண்டு போவதால் சில விநாடிக் குத்தலே போதும். பூச்சிமருந்து அடித்துப் பூச்சி சாவதற்குள் வைரஸ் இறங்கிவிடும். ஆகவே அதற்குப் பரிகாரம் நல்ல நாற்றங்காலில் நோயற்ற கன்று வாங்குவதுதான்.

உங்கள் மரத்துக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். கொழுகொழுவென்று வரும் துளிர்தான் இதற்குப் பிடித்த இடம். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒருமுறை தாழ்ந்த கிளைகளின் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரம்பத்தில் ஓரிரு கிளையில் மட்டும் இருக்கும்போது அந்த நுனியைக் கிள்ளி எறிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதிகமானால் தாவர எண்ணெயோ, பூச்சிக்கென்று விற்கும் சோப்புக் கரைசலோ போதும், ஆனால் மெழுகைத் தாண்டி உடம்பில் பட வேண்டும் என்பதால் இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும், மேலாகத் தெளித்தால் ஒன்றும் ஆகாது. வெயிலில் அடிக்காதீர்கள். மரம் பூத்திருக்கும்போது எதையும் அடிக்காதீர்கள். குளிர்காலத்தில் மரம் தூங்கும்போது அதற்குரிய எண்ணெய்த் தெளிப்பால் முட்டைகளைக் குறைக்கலாம். மொட்டு இடுக்கு நன்றாக நனைய வேண்டும்.

கலிஃபோர்னியத் தோட்டங்களில் இன்னொரு வழியும் கையாளுகிறார்கள். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் துத்தநாக சல்பேட் தெளித்து இலையைச் சீக்கிரம் உதிர வைப்பார்கள். நாணலிலிருந்து வந்த பெண் போட்ட குஞ்சுகள் இலையில்தான் வளர வேண்டும். முட்டையிடும் வயது வருவதற்கு முன் இலை விழுந்துவிட்டால் அந்த மரத்தில் முட்டை குறையும். ஒரு வீட்டு மரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், தேவையில்லை. ஆனால் பூச்சியின் வருடக் கணக்கைத் தெரிந்துகொண்டு அதன் மிகப் பலவீனமான இரண்டு வாரத்தைப் பிடிப்பது என்றால் என்ன என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ரோஜாவுக்கோ தக்காளிக்கோ இது தாவுமா என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். தாவாது. குளிர்காலத்துக்குப் பிளம்ஸ் வகை மரம், கோடைக்கு நாணலும் அதன் பெரிய உறவான அருண்டோ டோனாக்ஸும், இவ்வளவுதான் அதன் சாப்பாட்டுப் பட்டியல்.